தின்னவேலி

நேற்று பலாலியில் இறங்கியதும் அட்டையில் எழுதச் சொன்னார்கள்.
சொந்த ஊர்: திருநெல்வேலி.
போகும் ஊர்: திருநெல்வேலி.
முத்திரை குத்துகிறவர் பேனாவின் பின்பக்கத்தால்
இரண்டையும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.
சரிதான் என்றேன்.
நடுவில் ஒரு கடல் இருக்கிறது.

காலை மினிபஸ்ஸில் கதவோடு தொங்கிய பையன்
தின்னவேலி தின்னவேலி தின்னவேலி என்று கத்தினான்.
தின்னத்தான் வேண்டும்.
இரவு விடுதியில் அரைப் பாக்கெட் பிஸ்கட்டோடு படுத்தவள்.
ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின்
நாலு நாளாய்க் கண் திறக்கவில்லையாம்.
இன்னும் அரைமணி நேரம் தூங்கட்டும்.

சந்தைக்கு எதிரே ஒரு கடை.
சுவரில் வேல், அதன் பக்கத்தில்
ஏதோ கழகம் வென்ற கால்பந்துக் கிண்ணம்.
கஜீபன் என்று உள்ளேயிருந்து யாரோ அழைத்த பையன்
சிவப்பு இடியப்பங்களைக் குவித்துவிட்டுப் போனான்,
எண்ணாமல்.
திரும்பி வந்தபோது கையில் அலுமினிய வாளி.
"அக்கா, சொதி விடட்டோ?"

சொதி.
எங்கள் பக்கம் அது கல்யாணத்துக்கு மறுநாள் சமையல்.
மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் வைப்பது.
முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால்,
பாசிப்பருப்பு, முருங்கைக்காய்,
தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல்.
பதினோரு வருஷத்துக்கு முன் பாளையங்கோட்டையில்
மண்டபம் நிறைய ஆட்கள் அதைச் சாப்பிட்டார்கள்.
தேங்காய் லேசாய்க் காறுதே என்று
பந்தி மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.
அந்தக் குரலோடு நாலு வருஷம்
ஒரே வீட்டில் இருந்தேன்.
இப்போது இல்லை.
சொதியும் சாப்பிடுவதில்லை.
சபதமெல்லாம் ஒன்றுமில்லை,
தனி ஆளுக்கு யார் மூன்று பால் எடுப்பார்கள்?

"விடுங்க" என்றேன்.
வேண்டாம், போகட்டும் என்ற அர்த்தத்தில்.
எங்கள் ஊரில் விடுங்க என்றால் விட்டுவிடுவார்கள்.
எத்தனை தடவை சொன்னாலும் விடாதவர்களும் உண்டு.
இவன்
விட்டான்.
இடியப்பத்தின் ஆயிரம் கண்ணிலும்
மஞ்சளாய் இறங்கியது.

பருப்பு இல்லை. முருங்கை இல்லை.
வெங்காயம், பிளந்த பச்சைமிளகாய், வெந்தயம் நாலைந்து,
இறக்கியபின் பிழிந்த தேசிக்காய்.
எலுமிச்சைக்கு இங்கே அதுதான் பெயர்.
மீன்தலை போட்டிருக்கா என்று கேட்டேன்.
"இண்டைக்கு வெள்ளியெல்லோ அக்கா!"

வெள்ளிக்கிழமை, காலை ஏழரை.
யாருக்கும் கல்யாணமில்லை.
பக்கத்து மேசையில் வங்கிச் சீருடைக்காரி
போனைப் பார்த்தபடியே குழைத்துச் சாப்பிடுகிறாள்.
வெங்காய மூட்டை இறக்கிவிட்டு வந்தவர்
கடைசி வாய்க்கு அதைக் கோப்பையில் வாங்கி
நின்றுகொண்டே குடிக்கிறார், தண்ணீரைப்போல.
ஒருத்தரும் முகம் சுளித்துப் பார்க்கவில்லை.
ஒருத்தரும் புகழவுமில்லை.
நாளைக்கும் இருக்கும்.
திங்கட்கிழமையும் இருக்கும்.

காறவில்லை.
கண்ணில் நீர் வந்தது சம்பலால்.
சம்பல்தான், செத்தல்மிளகாயை அள்ளிப் போட்டு இடித்தது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி சுகிர்தன்.
"எங்க நிக்கிறியள்?"
உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து
தின்னவேலியில் என்றேன்.

வாளி மறுபடி வந்தது.
"விடுங்கோ" என்றேன், ஓகாரம் சேர்த்து.
விட்டுவிட்டுக் கேட்டான்:
"காணுமோ?"

எங்கள் ஊரில் காணும் என்றால் தொலைந்துபோனது.
சாவியைக் காணும். ஒற்றைச் செருப்பைக் காணும்.
இங்கே அதற்குப் போதும் என்று பொருளாம்,
விடுதிக்காரி நேற்றே சொல்லியிருந்தாள்.
இருந்தாலும் ஒரு நிமிஷம்
எது எது என்று மனசுக்குள் தேடிப் பார்த்தேன்.

"காணும்" என்றேன்.

ஒன்பது இடியப்பம் என்று துண்டுச்சீட்டு வந்தது.
நான் ஆறோ ஏழோ என்று நினைத்திருந்தேன்.